ஐஸ் பெட்டியில் ஒரு பால்குடம்

எங்கள் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள்.

நான் தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் நிற்கிறவன். ஒரு சேலையைக் கையில் வாங்கினாலே அதன் கனம் எனக்குத் தெரிந்துவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் அவளைப் பார்த்தபோது மனதில் வந்த கணக்கும் அதுதான். ஜரிகை அதிகம் போடாத ஒரு பட்டுச் சேலை. அவ்வளவுதான் என் பிள்ளை. தோலுக்குள் ஓடுகிற ரத்தம் வெளியே தெரிந்தது. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், பாதத்தில் சிவப்பாக மினுங்கும் சின்ன விளக்கு. கோயிலிலிருந்து கொண்டு போன திருநீற்றை அவள் நெற்றியில் வைக்கப் பார்த்தேன். தொடக் கூடாது என்றார்கள். பெட்டிக்கு வெளியே நின்றபடியே என் நெற்றியில் இன்னொரு தடவை பூசிக்கொண்டேன்.

என் மனைவிக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, வலிப்பு வந்து, அவசரமாக ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். அடையாறு பக்கம் இருந்த அந்த ஆஸ்பத்திரியில் அவள் ஒரு மாடியில், பிள்ளை ஒரு மாடியில். எனக்கு மாடிப்படிதான் வீடு.

பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். அங்கே எல்லா அப்பாக்களுக்கும் பெயர் ஒன்றுதான்.

"அப்பா, நல்லா கேட்டுக்கோங்க. பாப்பாவுக்கு இப்ப மருந்தைவிட முக்கியம் தாய்ப்பால். பவுடர் பாலை இந்தக் குடல் தாங்காது. புண்ணாயிடும். அம்மாவுக்குக் குடுத்த மருந்துல, அவங்க இருக்கிற நிலைமைல, பால் உடனே வராது."

"அப்போ என்ன செய்யிறது மேடம்?"

"பால் வங்கி இருக்கு. மத்த அம்மாக்கள் தானமா குடுத்தது. இன்னிக்குக் குடுத்துடலாம். ஆனா இருப்பு கம்மியா இருக்கு. பால் குடுக்கிற அம்மா யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா கூட்டிட்டு வாங்க. ரத்தம் டெஸ்ட் பண்ணி, பாலைச் சூடு பண்ணி, கிருமி இல்லாம பாத்துத்தான் குடுப்போம்."

பத்தாவதோடு படிப்பை நிறுத்தினவன் நான். ரத்த வங்கி கேள்விப்பட்டிருக்கிறேன். பாலுக்கு ஒரு வங்கி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும். மனைவிக்கு நினைவு தெளிந்ததும் பயந்துகொண்டே சொன்னேன். யார் வீட்டுப் பாலோ என்று அவள் வருத்தப்படுவாள் என்று நினைத்திருந்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்: "முருகனுக்கே ஆறு பொம்பளைங்கதான் பால் குடுத்து வளத்தாங்க. நம்ம பிள்ளைக்கு ஒருத்தியாவது கிடைக்க மாட்டாளா? போய்த் தேடுங்க."

தேட வேண்டியிருக்கவில்லை. கடைக்கு லீவு சொல்லப் போனவன் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தேன். என் பக்கத்துக் கவுன்ட்டரில் பல வருஷமாகச் சேலை மடித்த பெண் ஒருத்தி, பிரசவத்துக்காக வேலையிலிருந்து நின்றிருந்தாள். நொச்சிக்குப்பத்துக்காரி. கடையிலிருந்து யாரோ அவளுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் இடுப்பில் ஐந்து மாதப் பையனோடு நின்றாள். கூடவே அவள் மாமியார். அந்த அம்மாள் குப்பத்துச் சாலையோரத்தில் மீன் விற்கிறவர்.

"இன்னாண்ணா, என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று அவள் கோபித்துக்கொண்டாள். "இவன் ஒருத்தன் குடிக்கிறதுக்கு எனுக்கு ரெண்டு பேருக்கு ஓடுது. ஜாக்கெட்டு மாத்தி மாளல."

மாமியார் என்னை மேலிருந்து கீழே வரை பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் ஒற்றை ருத்திராட்சம். "சாமி வூட்டுக் கொயந்தைக்கு எங்க வூட்டுப் பாலு. நல்லாத்தான் கீது சிவன் கணக்கு" என்றார்.

ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பால் எடுக்கிற கருவியும், கொதிக்க வைத்த பாட்டில்களும், ஒரு ஐஸ் பெட்டியும் கொடுத்து, கை கழுவுவதிலிருந்து மூடி போடுவது வரை சொல்லிக் கொடுத்தார்கள். ஐஸ் விஷயம் வந்தபோது மட்டும் மாமியார் குறுக்கே வந்தார். "ஏம்மா, அம்பது வருஷமா மீனுக்கு ஐஸு போடறவ நானு. எனுக்கே ஐஸு கத்துத் தரியா?"

"உங்க ஐஸ் வேண்டாம் பாட்டிம்மா" என்று நர்ஸ் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அதன் பிறகு என் காலைகள் மாறிப் போயின. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்க் கற்பகாம்பாளைக் கும்பிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போவேன். ஹவுசிங் போர்டு வீட்டு மாடியில் அவள் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பாள். பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அடையாறு வரை மெதுவாக ஓட்டுவேன். வேகத்தடை வந்தால் வண்டியை விட்டு இறங்கியே தள்ளுவேன். பின்னால் ஆட்டோக்காரர்கள் திட்டுவார்கள். தைப்பூசத்துக்குத் தலையில் பால்குடம் சுமந்திருக்கிறேன். அன்றைக்கெல்லாம் நடை இவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

ஒரு நாள் டாக்டரம்மா என்னைப் பால் வங்கி அறைக்குள் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு சின்ன இயந்திரம். கொஞ்சம் பாலை உள்ளே விட்டால், அதில் கொழுப்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று திரையில் வருகிறது.

"எல்லாத் தாய்ப்பாலும் ஒண்ணுன்னு நெனச்சீங்களா? ஒரே அம்மாகிட்டயே, ஆரம்பத்துல வர்றது தண்ணியா இருக்கும், கடைசியில வர்றது கொழுப்பா இருக்கும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. குறை மாசத்துல பெத்த அம்மாவோட பால்ல மொதல் வாரங்கள்ல புரதம் கூடுதலா இருக்கும். பிள்ளை சீக்கிரம் வந்துருச்சுன்னு அந்த ஒடம்புக்குத் தெரியுது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யார் போய்ச் சொன்னது? பெற்றவளே மயக்கத்தில் கிடந்தாள். அவளுக்கே பிள்ளை பிறந்தது தெரியாத நேரத்தில், அவள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. கல்லுக்குள் இருக்கிற தேரைக்கும் படியளக்கிறவன் என்று சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்தேன். அளக்கிற படியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உங்க தங்கச்சி குடுக்கிறது அஞ்சு மாசப் பையனுக்கான பால்" என்று டாக்டரம்மா தொடர்ந்தார். குப்பத்துப் பெண்ணைத்தான் என் தங்கச்சி என்றார். நானும் திருத்தவில்லை. "அதுல புரதம் கொஞ்சம் கம்மி. சூடு பண்றப்போ கிருமியோட சேர்ந்து நல்லதும் கொஞ்சம் போயிடும். அதுக்குத்தான் சத்துப் பொடி சேர்த்துக் குடுக்கறோம். ஆனா போகாதது நெறைய இருக்கு. இந்தப் பால்ல ஒரு வகைச் சர்க்கரை இருக்கு. அது பாப்பாவுக்குச் செரிக்கவே செரிக்காது."

"செரிக்காததை ஏன் மேடம் வச்சிருக்கு?"

"அது பாப்பாவுக்கு இல்ல. குடல்ல நல்ல கிருமிகள் குடியேறணும் இல்லையா? அதுங்களுக்குச் சாப்பாடு."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிரதோஷத்துக்கு எங்கள் தெருவில் அன்னதானம் போடும்போது, வருகிறவர்களுக்குப் போட்டது போக எறும்புக்கும் காக்கைக்கும் ஒரு பிடி ஓரமாக வைப்போம். அதை மனிதர்கள் கண்டுபிடித்த தர்மம் என்று நினைத்திருந்தேன். பாலுக்குள்ளேயே அது இருந்திருக்கிறது.

பாப்பாவுக்குப் பால் போவதை அன்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஊசி போடுகிற சிரிஞ்சு ஒன்றில் பால். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு குழாய் அவள் வாய் வழியாக வயிற்றுக்குள். நர்ஸ் சிரிஞ்சைப் படுக்க வைக்காமல், நுனி மேலே பார்க்கும்படி சாய்த்து வைத்தாள். ஏன் என்று கேட்டேன். பாலில் கொழுப்பு மேலே மிதக்குமாம். நுனி மேலே இருந்தால் கொழுப்பு முதலில் பிள்ளைக்குப் போய்விடும், இல்லாவிட்டால் சிரிஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும் என்றாள். என் மனைவிக்கு ஊறின சில சொட்டுச் சீம்பாலையும் பஞ்சில் தொட்டு பாப்பாவின் கன்னத்துக்குள் தடவினார்கள். பெற்றவள் பால் வாயில், மற்றவள் பால் வயிற்றில். அந்தத் துளி வாயில் பட்டதும் குழந்தை நாக்கைச் சுழற்றினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அதை மனைவியிடம் கொண்டு போக எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

"குப்பத்துப் பொண்ணுன்னு கேட்டு எனக்கு ரொம்ப சந்தோஷம் அப்பா. நல்லா மீன் சாப்பிடற அம்மாவோட பால்ல ஒரு கொழுப்பு கூடுதலா இருக்கும். மூளைக்கும் கண்ணுக்கும் அது வேணும். கடைசி மூணு மாசத்துலதான் வயித்துக்குள்ள அது சேரும். இவ அந்த மூணு மாசத்தை விட்டுட்டு வந்துட்டா இல்ல?"

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவம். எங்கள் வீட்டில் முட்டை கூட வாசற்படி தாண்டியதில்லை. பட்டினப்பாக்கம் வழியாகப் போனால் மீன் வாடைக்கு மூச்சை அடக்கிக்கொண்டு வண்டியை விரட்டுகிறவன் நான். சாயங்காலம் அம்பாள் முன்னால் நின்றபோது என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. "அவள் நன்றாக மீன் சாப்பிட வேண்டும் தாயே" என்று அந்தச் சன்னதியில் எப்படி வாய் திறப்பது?

மனைவியிடம் சொன்னேன். அவள் அப்போது சாய்ந்து உட்கார்கிற அளவுக்குத் தேறியிருந்தாள். யோசிக்கக்கூட இல்லை.

"அவ தின்னுத போது அது மீனு. குடுக்குத போது அது பாலு. நடுவுல நடக்கிறதை சாமி பாத்துக்கிடுவாரு. நீங்க அதுல தலையிடாதீங்க."

பாப்பாவின் எடை ஒரு நாள் ஏறும், ஒரு நாள் நிற்கும். நின்ற நாட்களில் நான் மாடிப்படியில் உட்கார்ந்து ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருப்பேன். பிறகு வேறொரு கவலை வந்தது. குப்பத்திலிருந்து வருகிற பாட்டில்களில் பால் குறைய ஆரம்பித்தது. கழுத்து வரை இருந்த பால் பாதிக்கு இறங்கியது. பாட்டில்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வங்கியிலும் அந்த வாரம் வேறு பால் வரவில்லை.

"அந்தப் பொண்ணு சரியா சாப்பிடறாளான்னு பாருங்க அப்பா" என்றார் டாக்டரம்மா. "இது இப்படியே போனா நான் பவுடர்தான் ஆரம்பிக்கணும். எனக்கு அதுல இஷ்டமில்ல."

மனைவியிடமும் அதைச் சொன்னேன். மறுநாள் காலையில் குப்பத்துச் சாலையில் வண்டியை நிறுத்தும்போதே அவள் மாமியாரின் குரல் வந்தது. வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தவர் கத்தியை என் பக்கம் நீட்டினார்.

"வா சாமி, வா! உன்னத்தான் கேக்கணும்னு கீறேன். என் மருமவளுக்கு இன்னா மந்திரம் போட்ட?"

"நானா? ஏம்மா, என்ன ஆச்சு?"

"மீனே தொட மாட்டேங்குது! மீன்காரி வூட்டுல மீனு துன்னாத மருமவ! ரசஞ்சோறும் மோருஞ்சோறும் துன்னுகினு, தெனம் தலைக்கு ஊத்திகினு, மஞ்சப் புடவ கட்டிகினு குந்திகினு கீது. புள்ள பெத்தவளுக்கு அது போதுமா? உன் வூட்டுக் கொயந்தைக்கும் பத்தல, என் பேரனுக்கும் பத்தல. நைட்டெல்லாம் கத்தறான்."

மாடி ஏறினேன். அவள் கதவைத் திறந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. மஞ்சள் சேலை, நெற்றியில் குங்குமம். தினமும் பெட்டி வாங்கியும் எனக்கு இது உறைக்கவில்லை. பையன் தோளில் சாய்ந்து சிணுங்கிக்கொண்டிருந்தான்.

"என்னம்மா இது? எதுக்கு இப்படிச் செய்யிற?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இவன் என்ன இதைக்கூடக் கேட்கிறான் என்று இருந்தது.

"பால்குடம் எடுக்கறப்போ கவுச்சி தொடுவியாண்ணா?"

"மாட்டேன்."

"அதான். எங்க ஆத்தாவுக்கு ஆடி மாசம் பால்குடம் எடுக்கறப்போ நாங்களும் தொட மாட்டோம். இதுவும் பாலுதானே? நீ காலைல கோயிலுக்குப் போய்ட்டு, திருநீறோட வந்து, செருப்ப அவுத்துட்டு, ரெண்டு கையாலயும் அந்தப் பொட்டிய வாங்கற. அத்தப் பாத்ததுலேர்ந்து எனுக்கு மனசு கேக்கல. கவுச்சி துன்ன ஒடம்புலேர்ந்து உன் வூட்டுக்கு எப்படிண்ணா குடுக்கிறது? பாப்பா நல்லபடியா வூட்டுக்குப் போற வரைக்கும்னு வேண்டிகினேன்."

பெட்டியில் நான் இத்தனை நாள் சுமந்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. நான் தலையில் சுமந்த பால்குடமெல்லாம் கடையில் வாங்கின பால். இவள் தன் உடம்பிலிருந்து பாலும் எடுத்து, அந்தப் பாலுக்காக விரதமும் இருந்திருக்கிறாள்.

டாக்டரம்மா சொன்னதை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். மூளைக்கு, கண்ணுக்கு, மீனில் இருக்கிற கொழுப்பு, சத்துக் குறைந்தால் பெற்ற உடம்பு களைத்துவிடும், எல்லாம். கேட்டுக்கொண்டாள். ஆனால் தலையை ஆட்டினாள்.

"சாமிக்கு வேண்டிகினது வேண்டிகினதுதான்."

பின்னாலேயே ஏறி வந்த மாமியார் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "எந்த சாமிடீ? நம்ம ஆத்தாவுக்கே கூழு ஊத்தறப்போ கருவாட்டுக் கொழம்புதாண்டீ படைக்கிறோம்! அவளே துன்றா, நீ இன்னா பெரிய இவ?"

"ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா, தெரியும். அண்ணா வூட்டு சாமி சைவம் ஆச்சே அத்த?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் சாமி சார்பில் பதில் சொல்ல அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன்.

வாயால் சொன்னால் அவள் கேட்க மாட்டாள் என்று தெரிந்தது. இறங்கி மீன் கடைக்கு வந்தேன். மாமியார் பின்னாலேயே ஓடி வந்தார்.

"பால் கொடுக்கிறவங்களுக்கு எந்த மீன் நல்லதும்மா?"

"இன்னா சாமி, மெய்யாலுமா?" அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டார். "ஏ, இங்க வந்து பாருடீ! ஐயரு மீனு வாங்க வந்துகீறாரு!"

"ஐயர் இல்லம்மா..."

"யாரோ ஒருத்தரு! பால்சுறா எடுத்துக்கோ. புள்ள பெத்தவளுக்கு அதான். புட்டு பண்ணித் தந்தா பாலு தானா ஊறும். இந்தா, கைல புடிச்சுப் பாரு. புடிச்சாத்தான் புதுசா பழசான்னு தெரியும்."

என் இரண்டு உள்ளங்கையிலும் அதை வைத்துவிட்டார். சில்லென்று, உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. நாற்பது வயதில் முதல்முதலாக மீனைத் தொடுகிறேன். என்னை அறியாமல் கை கனம் பார்த்தது. ஜரிகை அதிகம் போடாத ஒரு பட்டுச் சேலை. கண் நிறைந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரி, "பாவம்டீ, வாடை தாங்கல போலக்கீது" என்றாள்.

அதை நானே மாடிக்குக் கொண்டு போனேன். மாமியார் வேக வைத்து, தோலை உரித்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுப் புட்டு கிளறினார். எனக்கு ஜவுளிக் கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் வாசற்படியில் பையனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தட்டு வந்ததும் சட்டைப் பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவள் நெற்றியில் வைத்தேன்.

"விரதம் முடிஞ்சுதும்மா. உன் பால்குடம் போய்ச் சேர்ந்துருச்சு. எங்க சாமி ஏத்துக்கிட்டாரு. சாப்பிடு."

அவள் தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பிரசாதம் எடுக்கிற மாதிரி ஒரு பிடி எடுத்து வாயில் போட்டாள். இரண்டாவது பிடியிலிருந்து பசி தெரிந்தது.

மறுநாளே பால் பொங்கிவிட்டது என்று எழுதினால் பொய். மெல்லத்தான் பாட்டில் ஏறியது. பாப்பாவின் எடையும் அப்படித்தான். மீனால்தான் ஏறியது என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். என் மனைவிக்கும் பிறகு பால் ஊறியது. பிள்ளை வீட்டுக்கு வந்தாள். இப்போது குளக்கரைப் புறாக்களை விரட்டிக்கொண்டு ஓடுகிறாள். பால் வங்கிக்கு என் மனைவியும் கொஞ்ச நாள் கொடுத்தாள். எந்தப் பிள்ளைக்குப் போனதோ, எங்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு நடந்ததில் ஒன்றை விட்டுவிட்டேன். குப்பத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனதும், சோப்புப் போட்டுக் கையை மறுபடி மறுபடி கழுவினேன். பெட்டியைப் பால் வங்கியில் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் மனைவியின் வார்டுக்குப் போனேன். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் மூக்கைச் சுளித்தாள்.

"என்னங்க, உங்க மேல என்ன வாடை?"

"மீனு" என்றேன்.

என் சட்டையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ சாப்பிட்டாளா?" என்று கேட்டாள்.